பிரேக் என்று சொன்னார்கள்

அக்கா,

இன்று காலை என் மகள் ஆங்கில அகராதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ‘பிரேக்’ என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா என்று வியந்துகொண்டிருந்தாள். உடைப்பதும் அதுதான், ஓய்வும் அதுதான். பொழுது விடிவதற்கும் அதுதான், மனசு நொறுங்குவதற்கும் அதுதான். ஒருவருக்கு நல்ல வாய்ப்பு அமைந்தாலும் அதே சொல்தானாம். வண்டியில் இருப்பதற்கு மட்டும் எழுத்து வேறு என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உனக்கும் எனக்கும் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில், கார்களுக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தபோதே நீ பழைய ஆள். திருப்பாச்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாய். உன் பெண் ‘பிரேக்கப்’ என்று அழுததைக் கேட்டு, நீ ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போன கதையை அந்த பஸ்ஸில்தான் சொன்னாய். “மெக்கானிக்கு பிரேக்கு நல்லாத்தான் கீதுன்றான். ஊட்டுக்கு வந்தா இவ இன்னும் அழுதுகினு கீறா” என்றாய். டிரைவர்கூடச் சிரித்தார்.

முதல் தடவை உனக்கு பிரேக் கொடுத்தபோதும் நீ சந்தோஷப்பட்டதாகத்தான் சொன்னாய். லீவு என்று நினைத்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாயாம். சம்பளம் வராதபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. நம்மைப்போன்ற காண்டிராக்ட் ஆட்கள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்பார்கள் அல்லவா? அதனால் வருஷம் முடியும் முன்பே சில வாரம் வீட்டுக்கு அனுப்பி, பிறகு வேறொரு காண்டிராக்டர் பெயரில், புது நம்பரில் சேர்த்துக்கொள்வார்கள். அதே லைன், அதே ஸ்டூல். நீ மட்டும் ஒவ்வொரு முறையும் புது ஆள்.

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்கு உன்னோடு நானும் வந்தேன். பெரிய வைத்தியத்துக்கு இடைவெளி இல்லாத சர்வீஸ் வேண்டும், கம்பெனியில் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். எச்.ஆர். அதிகாரி உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க சர்வீஸ்ல பிரேக் இருக்கேம்மா. நாங்க எப்படி எழுதித் தர முடியும்?”

“நானா சார் பிரேக்கு கேட்டேன்? நீங்கதான குடுத்தீங்க?”

நீ குரலை உயர்த்தவில்லை. அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நாம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு சென்னைக்குப் போனாய், பொது ஆஸ்பத்திரிக்கு. வரிசை, பரிசோதனை, மறுபடி வரிசை. வைத்தியம் ஆரம்பித்தபோது அது எலும்பு வரைக்கும் போயிருந்தது. கடைசியாக வார்டில் உன்னைப் பார்த்தபோது, “வலி வுட்டு வுட்டுதான்டி வருது. அதுக்குங்கூட பிரேக்கு வுடறான் பாரு” என்று சிரித்தாய். எனக்குச் சிரிக்க வரவில்லை. உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போன மறுநாள், உனக்காக லைனை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். டீ பிரேக்கில் நின்றுகொள்ளுங்கள் என்றார் சூப்பர்வைசர். கேன்டீனில் நின்றோம். பக்கத்து மேசையில் யாரோ உன் இடத்துக்கு யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பிரேக் எடுத்துக்கொள்ளும்மா என்றார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல.

“அந்த வார்த்த வேணாம் சார். வேலைய வுட்டு நிறுத்துறோம்னு தமிழ்ல சொல்லுங்க” என்றேன்.

ரூல் என்றார், பாலிசி என்றார். தமிழில் மட்டும் சொல்லவில்லை. அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். மறுநாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. லைனில் இருக்கும் பெண்கள் நாலைந்து பேர் என்னோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவார்களா தெரியாது. நான் போவேன்.

அத்தனை வருஷமும் நீ சிரித்தே கடந்துவிட்டாய், அக்கா. எனக்கு அது வாய்க்கவில்லை. என்னிடம் இருப்பது கோபம்தான். காலம் போனால் ஆறிவிடும் என்கிறார்கள். ஆற விடமாட்டேன்.