நூற்றுக்கு முப்பத்தைந்து

1927 பிப்ரவரி 7

நாளை ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பெர்னார்ட் குழந்தைகளின் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், நான் எழுதுவேன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்ந்த என்னை ஈப்போவிலிருந்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு அழைத்ததே இதற்காகத்தான். தடுமாறாதிருக்க விதிகளை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. பத்து வயதுக்குட்பட்ட அனைவரையும் பார்ப்பது. படுத்திருப்போரை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்ப் பார்ப்பது.
2. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கட்டியாகக் கையில் தட்டுப்பட்டால், அது கொசுவால் வரும் குளிர்காய்ச்சல் கண்ட உடம்பு.
3. தோட்டத்தில் இருக்கும் எந்தக் குழந்தையையும் கணக்கில் விடக்கூடாது. விட்டால் கணக்கு பொய்.
4. கட்டியுள்ளவர்கள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினால் லயத்துப் பின்புறச் சதுப்பில் வடிகால் வெட்டப்படும். இது தோட்டத்துத் துரை கொடுத்த வாக்கு.

பிப்ரவரி 8

கூச்சத்தில் சிரித்த பிள்ளைகள் பாதி, அழுதவர்கள் பாதி. வீரம்மா இந்த லயத்தில் பத்து வருடமாக இருப்பவள். "நல்லா அமுக்குங்க வாத்தியாரய்யா, உள்ள தொரையோட வடிகால் இருக்கப் போகுது!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்குமே கட்டி.

பிப்ரவரி 9

பழைய குழந்தைகள் 52, கட்டி 27. போன மாதம் கப்பலில் வந்தவர்கள் 31, கட்டி 2. மொத்தம் 83க்கு 29. நூற்றுக்கு முப்பத்தைந்து.

பெர்னார்ட் தாளை எட்டிப் பார்த்தார். "புதுசா வந்ததுங்கள தள்ளிட்டுப் போடுங்கலா, ஐயா. நம்ம கொசு இன்னும் அதுங்கள கடிச்சே முடிக்கல." தள்ளினால் பாதிக்கு மேல் வருகிறது. ஆனால் வேண்டிய விடை வருவதற்காக ஆட்களைத் தள்ளுவதா? மூன்றாம் விதி இருக்கிறதே. தள்ளவில்லை.

பிப்ரவரி 12

துரை தாளைப் பார்த்து, நேர்மையான கணக்கு என்றார். வடிகால் இல்லை.

ஏப்ரல் 19

நல்லம்மாளின் இளையவளுக்குக் காய்ச்சல். ஜனவரிக் கப்பலில் வந்தவள். கொயினா மருந்து கொடுத்தாயிற்று.

மே 3

இளையவளை அடக்கம் செய்தோம். திரும்பும் வழியில் நல்லம்மாள் கேட்டாள்: "அன்னிக்கு எம் மக பேருக்கு நேரா என்னய்யா எழுதுனீங்க?"

நலம் என்று எழுதினேன் என்றேன்.

"ஆமா. நல்லாத்தான் கொண்டாந்தேன்."

திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

ஜூன் 20

துரையிடம் கேட்காமல், பெர்னார்டும் நானும் புதியவர்களை மட்டும் மறுபடி பார்த்தோம். முப்பத்தொருவரில் மூவர் மண்ணுக்குள். மீதி 28, கட்டி 17.

ஜூலை 2

ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய அடுத்த எண்ணிக்கைக்குத் துரை நாள் குறித்துவிட்டார்: ஆகஸ்ட் 8. கங்காணி ஊரிலிருந்து கப்பலில் அழைத்து வரும் பன்னிரண்டு குடும்பங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறங்குகின்றன. அவர்களின் பிள்ளைகளையும் கூட்டினால் கணக்கு மறுபடி கீழே இறங்கும். ஏன் அதற்கு முன்னால் இல்லை என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன் — இத்தனை வயசாகி என்ன பிரயோசனம்? பயந்தாங்கொள்ளி!

ஜூலை 5

பழையவர், புதியவர் என இரண்டு பத்தியாகப் பிரித்து, பிப்ரவரி, ஜூன் இரு எண்ணிக்கைகளையும் எழுதி ஈப்போ சுகாதார அதிகாரிக்குத் தபாலில் போட்டேன். கீழே என் முழுப்பெயர்.

ஜூலை 23

கடித விஷயம் துரை காதுக்கு எட்டிவிட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதிகாரியிடமிருந்து பதில் இல்லை. பெட்டி கட்ட அதிகம் ஒன்றுமில்லை.

மூன்றாம் விதி தவறு. எவரையும் விடாதது சரி. நேற்று வந்தவனையும் பத்து வருடம் கொசுக்கடி பட்டவனையும் ஒன்றாகக் கூட்டியது தவறு. அன்றைக்கே அந்த இரண்டு கணக்கும் என் தாளில் தனித்தனியாக இருந்தன. நான்தான் கூட்டினேன்.