ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த சான்றிதழ்

அக்கா,

இன்று காலை சுள்ளிக்கல்லில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தேன். நான் வேலை பார்க்கும் மிளகு கம்பெனியின் சரக்கு வேனை நாளை ஃபிட்னஸ் டெஸ்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகச் சக்கரங்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் காரை டெஸ்டுக்குத் தயார் செய்யும்போது வருமே, அதே வாசனை. பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். "மேடம், குடிக்க வெள்ளம் வேணோ?" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று பலமுறை மலையாளத்தில் தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குக் கை அப்படித்தான் போகிறது. ஆனால் நீங்கள் தடையில்லாமல் வாசித்தது தமிழ்தான். அதனால் மெதுவாக, தமிழிலேயே எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவர் நீங்கள். இளையவருக்கு வாழ்க்கைப்பட்டு நான் பின்னால் வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். நீங்களோ கார் ஓட்டக் கற்று, ஒரு வெள்ளைக் கார் வாங்கி, டாக்ஸியாக ஓட்டினீர்கள். ஃபோர்ட் கொச்சிக்குத் தனியாக வரும் பெண்கள் ஹோம்ஸ்டேக்காரர்களிடம் உங்கள் வண்டியைத்தான் கேட்பார்கள். மலையாளப் படிவங்களும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளும் உங்களுக்குப் பிடிபடவில்லை. அவை என்னிடம் வந்தன. இன்சூரன்ஸ், வரி, வண்டியின் ஃபிட்னஸ் சான்றிதழ் எல்லாம் என் ஃபோனில் இருந்தன. "ஸ்டியரிங் எனக்கு, பேப்பர் உனக்கு, கண்ணு" என்பீர்கள். "எங்க வசந்தி பேப்பர் விஷயத்துல ஒரு நாள் தவற மாட்டா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"வசந்தி, டெஸ்ட் எப்போ வருது? இந்த மாசம்தானே?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறுநாளோடு சான்றிதழ் முடிகிறது. டெஸ்டுக்கு நாள் பதிவு செய்ய நான் அடியோடு மறந்திருந்தேன்.

"இன்னும் ஒரு மாசம் உண்டல்லோ அக்கா" என்றேன்.

நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயமில்லை. நீங்கள் என்னைத் திட்டியதே கிடையாது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் நீங்கள் வண்டியை எடுக்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று துணியைப் பிழிந்தீர்கள். நான் உள்ளே போய் ஃபோனில் தேடினேன். பத்து நாள் தள்ளித்தான் இடம் கிடைத்தது. பதிவு செய்தேன். சீக்கிரமே தேதி கிடைத்துவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், பத்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை, கம்பெனியில் சாக்குகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் ஃபோன் வந்தது.

"வசந்தி, ஒருத்தரை இடிச்சுட்டேன். உசிரு இருக்கு. காலுதான்..." குரல் அதோடு நின்றுவிட்டது.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா அக்கா? உங்களுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. ஃபோனைத் திறந்து சான்றிதழின் தேதியைப் பார்த்தேன். தோப்பும்படி வருவதற்குள் நாலு தடவை பார்த்தேன். தேதி மாறவில்லை.

ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மழையில், சந்திலிருந்து சட்டென்று ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் மீன் விற்கும் நாசர். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. நீங்களே அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தீர்கள். உங்கள் சுடிதார் முழுக்க ரத்தமும் மீன் செதிலும். வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "அவரு கண்ணு முழிக்கட்டும்" என்று பெஞ்சை விட்டு எழவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "நல்லவேளை, இன்சூரன்ஸ் இருக்கு. அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சுடும்."

போலீஸ் ஸ்டேஷனில் வண்டியின் காகிதங்களைக் கேட்டார்கள். இரண்டு நாள் தவணை வாங்கினேன். அந்த இரண்டு நாளும் சொல்லிவிடலாம் என்று உங்கள் அறை வாசல் வரை வருவேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துவைத்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். நசுங்கிய முன்பக்கத்தைப் படம் எடுத்தார். அளந்து குறித்துக்கொண்டார். பிறகு காகிதங்களைக் கேட்டார். ஃபோனை நீட்டினேன்.

"சேச்சி, ஃபிட்னஸ் ஞாயறாழ்ச்சை கழிஞ்சல்லோ" என்றார் உங்களைப் பார்த்து. "ஆக்சிடென்ட் புதனாழ்ச்சை."

நீங்கள் சிரித்தீர்கள். "இல்லைங்க, இன்னும் ஒரு மாசம் இருக்கு. வசந்தி, சரியா எடுத்துக் காட்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கலாம். நான் சொன்னது இது.

"நான் அன்னைக்கே சொன்னேனே அக்கா, ஞாயித்துக்கிழமையோட தீருதுன்னு. நீங்க மறந்துட்டீங்க."

உங்கள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. எங்கேயோ எதையோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இமை கொட்டினீர்கள்.

"அப்படியா சொன்னே?"

"ஆமா."

நீங்கள் சர்வேயர் பக்கம் திரும்பினீர்கள். "அப்போ நான்தான் மறந்துட்டேன் போலிருக்கு. அப்படியே எழுதிக்குங்க."

வண்டியைச் சோதித்த ஆய்வாளர் பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சரியாக இருந்தன என்று பிறகு எழுதினார். எந்தப் பயனும் இல்லை. விபத்து நாளில் தகுதிச் சான்று நடப்பில் இல்லாததால் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு தர இயலாது என்று கடிதம் வந்தது. நாசரின் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது.

அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வீட்டுக்குள் நடந்தது. நீங்கள் வண்டி ஓட்டுவதை நிறுத்தினீர்கள். ரிப்பேர் முடிந்து வந்த காரைத் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். "தேதியை மறந்தவ நாளைக்கு பிரேக்கையும் மறப்பேன்" என்றீர்கள். கொஞ்ச நாளில் சமையலறைச் சுவரில் சின்னச் சின்னச் சீட்டுகள் முளைத்தன. 'கேஸ் மூடியாச்சா?' 'சாவி எடுத்தாச்சா?' உங்கள் குண்டு குண்டான தமிழ் எழுத்து. யாராவது ஏதாவது சொன்னால், "இதை நீ முன்னாடியே சொன்னியா?" என்று பயந்த குரலில் கேட்பீர்கள். டாக்டரிடம் போய்த் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று விசாரித்தீர்கள். நானும்தான் கூட வந்தேன். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் சரியாகப் பதில் சொன்னீர்கள். பக்கத்து நாற்காலியில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி நாசருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். உரிமையாளர் நீங்கள். காரை விற்பது என்று முடிவு செய்தீர்கள். காக்கநாட்டிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல வண்டியாணல்லோ சேச்சி, பின்னே எந்தா விக்கிறது?" என்று கேட்டார்.

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. எனக்குத்தான் மறதி வந்துருச்சு" என்றீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவரிடம், விலாசம் சொல்வது போல அதை நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, உங்களுக்கு மறதி இல்லை. ஞாயித்துக்கிழமைன்னு நான் சொல்லவே இல்லை. ஒரு மாசம் இருக்குன்னுதான் சொன்னேன். நான் பதிவு பண்ண மறந்துட்டேன். பொய் சொன்னேன். சர்வேயர்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

வந்தவர் மெல்ல நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டார். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன்.

"அப்போ எனக்கு மறதி இல்லையா?"

"இல்லை அக்கா."

"நிஜமா இல்லையா?"

"இல்லை."

படியில் உட்கார்ந்தீர்கள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. "ஒன்னரை வருஷம்டி. பூட்டின கதவைத் திரும்பித் திரும்பிப் போய்ப் பாத்தேன். காசு போகட்டும், வண்டி போகட்டும். என்னையே நான் நம்பாம ஆக்கிட்டயே."

அன்று மாலையே சுவரிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தீர்கள். பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. பதினெட்டாம் நாள், "கப்பைக்கிழங்கு வெந்துருச்சா பாரு" என்றீர்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். வேகவில்லை. சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

கார் போய்விட்டது. ஆனால் நீங்கள் ஒரு ஹோம்ஸ்டேயின் வண்டியை ஓட்டத் தொடங்கினீர்கள். அதன் காகிதங்களை என்னிடம் தரவில்லை. "மலையாள எழுத்து சொல்லிக் கொடு" என்று ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தீர்கள். படிவங்களை எழுத்துக்கூட்டி நீங்களே வாசித்தீர்கள். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு அந்தக் காலை. ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தீர்கள். பின்சீட்டில் இருந்த பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை.

துக்கத்துக்கு நாசர் கோலூன்றி வந்தார். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். "ஆஸ்பத்திரியில எனக்குக் கஞ்சி கொண்டுவந்த கையாணு" என்று அழுதார். பிறகு, "ஒரு சின்ன மறதி. அதுக்கு சேச்சி எத்ர கஷ்டப்பட்டு" என்றார்.

"சேச்சி மறக்கலை" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். என் கணவர் உட்பட. "மறந்தது நான். அவங்ககிட்ட பொய் சொன்னதும் நான்."

நாசர் கோலை ஊன்றி என் பக்கம் திரும்பினார். "இது சேச்சி அறிஞ்சிருந்தோ?"

"அறிஞ்சிருந்தாங்க. தீர்ப்புக்கு அப்புறம் நானே சொன்னேன்."

"அதுக்குப் பின்னேயும் எத்ரயோ தடவை என்னைக் காண வந்து. என்னோடு ஒருக்காலும் பறஞ்சில்ல."

அப்போதுதான் தெரிந்தது அக்கா. உண்மை தெரிந்த பிறகும் நீங்கள் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. மறதிக்காரி என்ற பேச்சைக் கடைசிவரை நீங்களே சுமந்திருக்கிறீர்கள். அது மன்னிப்பா, வைராக்கியமா, இல்லை வீட்டு மானமா, எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் வைப்பின் தீவுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "டெஸ்ட் மறந்து கேஸில் மாட்டின அந்தத் தமிழ் சேச்சி இல்லே..." என்றார் ஒருவர். வரிசை நகர்ந்தது. நான் அவருடைய தோளைத் தொட்டு நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இருவரும் படகில் ஏறிப் போனார்கள். நான் அடுத்த படகுக்கு நின்றேன்.

சொல்வது இன்னும் சுலபமாகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன் அக்கா.

உங்கள்
வசந்தி