ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம்

1937 செப்டம்பர் 28, செவ்வாய்

மழை. அச்சாபீசில் நாள் முழுக்க நல்மரண சபை பிரசிடெண்ட் தேர்தல் நோட்டீஸ்தான். காலையில் சில்வெஸ்டர் மாமாவுடையது, மத்தியானம் ஹெர்பர்ட்டுடையது. இரண்டுக்கும் ஈய எழுத்துக் கோர்த்தவன் நான். ஒன்றில் ஹெர்பர்ட் 'குழப்பக்காரர்', மற்றதில் மாமா 'சர்வாதிகாரி'. 'ர்' எழுத்துப் போதவில்லை. மாமாவைக் கலைத்துத்தான் ஹெர்பர்ட்டைக் கோர்த்தேன்.

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். எங்கள் சபை பிணம் தூக்குகிற சபை. கோவிலைச் சேர்ந்த யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் போய்ப் பெட்டியைக் கல்லறை வரைக்கும் தோளில் கொண்டுபோவார்கள். அந்தச் சபைக்குத் தலைவராக இத்தனை அடிதடி.

சண்டை இதுதான். பத்து வருஷமாகப் பிரசிடெண்டாக இருக்கும் சில்வெஸ்டர் மாமா ஒரு ரூல் போட்டிருக்கிறார்: ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் சபை தூக்காது. லிங்கராஜபுரத்துக்காரர்கள் மாட்டுவண்டியில் பெட்டியைக் கேட் வரை கொண்டுவர வேண்டும், அங்கிருந்துதான் தோள். ஹெர்பர்ட், எல்லாரையும் வீட்டு வாசலிலிருந்தே தூக்கவேண்டும் என்கிறார்.

நாங்கள் இருப்பது லிங்கராஜபுரம். அப்பா நாலு மாதமாகப் படுக்கை. இதற்கு மேல் என்ன எழுத?

அக்டோபர் 3, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்ததும் சபைப் புத்தகத்தில் என் பெயரை ஏற்றினார்கள். 'ரெமிஜியஸ், த/பெ மதலைமுத்து, வயது 21.' முதல் ஓட்டு. பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பேனாவைக் கீழே வைப்பதற்குள் இரண்டு கட்சி ஆட்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இருபத்தாறு வருஷம் தூக்கியவர் அவர். பெட்டி தூக்குவதில் மாமாவும் அவரும் ஒரே ஜோடி. அந்த நட்பில்தான் பிரிஜெட் அக்காவை மாமாவின் மகன் தியோடருக்குக் கொடுத்தார்.

"எத்தினி பேரைத் தூக்கியிருப்பேப்பா?"

"எண்ணுனா கண்ணு படும்டா" என்றார்.

அக்டோபர் 6, புதன்

மாமா வந்தார். ஆரஞ்சுப் பழம் நாலு. அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, "வீக்கம் ஸ்வல்ப வடிஞ்சிருக்குதே" என்று பொய் சொன்னார். போகும்போது என்னை வெளியே கூப்பிட்டார்.

"ரெமி, நீ எங்கே நிப்பேன்னு நான் கேக்கமாட்டேன். உங்க அக்கா நம்ம வூட்டுலே சந்தோசமா இருக்கா. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 

சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற ஓட்டாக இருந்தால் பிழைத்தேன். எங்கள் சபையில் வழக்கம் வேறு. கோவில் முற்றத்தில் எல்லார் கண் முன்னாலும் போய் அவரவர் ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பங்குச் சாமியார் தலை எண்ணுவார்.

அக்டோபர் 12, செவ்வாய்

தூங்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு. எனக்கு யோசனை.

அக்டோபர் 17, ஞாயிறு

கோவில் வாசலில் கைகலப்பு. ஹெர்பர்ட் ஆள் ஒருவனின் சட்டை கிழிந்தது. பூசையில் 'சமாதானம்' பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு நேரே வந்து அடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போய்விட்டது. யார் வந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் அப்பா இருமுகிறார்.

மனசுக்குப் பட்டது ஹெர்பர்ட்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அக்காவை அந்த வீட்டில் குத்திக் காட்டினால்? அம்மா இல்லாத பெண். நான் ஒருவன்தானே கேட்க இருக்கிறேன்? அல்சூர் போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. போனால் மாமா வீட்டில் ஓட்டுப் பேச்சு எடுப்பார்கள்.

அக்டோபர் 24, ஞாயிறு

முடிந்தது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

அப்பாவின் ஓட்டும் வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே இரண்டு கட்சியும் வாசலில் நின்றது. மாமா ஆட்கள் ஜட்கா வண்டி கொண்டுவந்தார்கள். அப்பாவால் அதில் ஏற முடியவில்லை. ஹெர்பர்ட் ஆட்கள் பிரம்பு நாற்காலியில் மூங்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். "நாங்க தூக்கறோம்", "ஏன், எங்களுக்குத் தோளு இல்லியா" என்று அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் கட்சிக்கு இரண்டு பேராக நாலு பேர் தூக்கினார்கள். லிங்கராஜபுரத்தில் எங்கள் வாசலிலிருந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, கோவில் முற்றம் வரை.

கேட்டைக் கடக்கும்போது அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் சொன்னார்: "செத்தா மாட்டுவண்டி. ஓட்டுன்னா தோளு."

தூக்கியவர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கொடிமரத்துப் பக்கம் மாமா, மணிக்கூண்டுப் பக்கம் ஹெர்பர்ட். நாற்காலியை எங்கே வைப்பது என்று சாமியார் கேட்டார். எல்லாரும் கொடிமரம் என்றே நினைத்தார்கள், சம்பந்தியாயிற்றே. அப்பா மணிக்கூண்டைக் காட்டினார். மாமாவின் முகம் செத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு என் முறை. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடிமரத்துக்குப் போனேன்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு. மாமா ஜெயித்தார்.

நான் ஹெர்பர்ட் பக்கம் போயிருந்தால் ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு. சமமானால் சாமியார் ஓட்டு. சாமியார் யாருக்குப் போட்டிருப்பாரோ, அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாதுதான். இதையே எத்தனை தடவை சொல்லிக்கொள்வது?

திரும்பும்போது நாற்காலியைத் தூக்க மாமா ஆட்கள் யாரும் இல்லை. அங்கே வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெர்பர்ட் ஆட்கள் இரண்டு பேரும் நானும் ஜட்காக்காரரும் தூக்கினோம்.  வீட்டில் தண்ணீர் கொடுத்தபோது அப்பா, "அக்காவுக்காகப் போயி நின்னே. தெரியும்டா. தண்ணி போதும்" என்றார்.

திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 26, செவ்வாய்

அக்கா வந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா அங்கே போயி நின்னே?"

"உனக்காகத்தான்க்கா."

"எனக்காகவா? எங்க மாமனார் தோக்கணும்னு ஒம்பது நாளு செபமாலை சொன்னேன்டா நானு! அப்பாவெ வண்டியிலே போட்டு இழுத்துட்டு வர்ரதெ நான் பாக்கணுமா? உங்க அத்தானும் அன்னிக்கு ஜுரம்னு போர்த்திட்டுப் படுத்தாரே, எதுக்கு? அவங்கப்பா பின்னாலே நிக்க மனசு வரலே."

"அந்த வூட்டுலே உன்னெ ஏதாச்சும்..."

"என்னெ என்ன பண்ணிடுவாங்க? ரெண்டு நாளு மூஞ்செத் தூக்குவாங்க. எனக்குத்தான் ஓட்டு இல்லே. வாயி இருக்குதே, ஒரு வார்த்தெ வந்து கேட்டியா?"

கேட்கவில்லை. அல்சூர் எவ்வளவு தூரம்? நடந்தால் ஒரு மணி நேரம். கேட்கவே இல்லியே நானு.

நவம்பர் 2, செவ்வாய்

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் சாமியார் வந்து அப்பாவுக்கு, சாகும் தறுவாயில் பூசுகிற அவஸ்தைத் தைலம் பூசினார்.

நவம்பர் 11, வியாழன்

விடியற்காலை அப்பா போய்விட்டார்.

நவம்பர் 12, வெள்ளி

அடக்கம் முடிந்தது.

நேற்றே மாமாவுக்கு ஆள் அனுப்பியிருந்தோம். காலையில் தியோடர் அத்தான் பதில் கொண்டுவந்தார். "வண்டியிலே கேட் வரைக்கும் கொண்டாரணுமாம். எட்டு மணிக்கு ஆளுங்க அங்கே நிப்பாங்களாம். சம்பந்தின்னு ரூலெ மாத்துனா நாளைக்கு ஊரு காறித் துப்புமாம்." சொல்லிவிட்டு அத்தான் திரும்பிப் போகவில்லை. மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வண்டி வாசலில் நின்றது. வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அக்கா வெளியே வந்து வண்டிக்காரரிடம், "போயிட்டு வாங்கண்ணா, வேணாம்" என்றாள்.

அத்தானும் நானும் இரண்டு பேர். பெட்டியை இரண்டு பேர் தூக்க முடியுமா? அப்போதுதான் ஹெர்பர்ட் மூன்று பேரோடு வந்தார். அங்கி இல்லை, தோற்ற கட்சிக்கு அங்கி ஏது? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ முன்னாலே வாடா, மகன்" என்றார், அவ்வளவுதான். அக்டோபர் இருபத்துநாலு என்று ஒரு நாள் நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆறு பேர். அப்பா கனக்கவே இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றோம். வண்டி போனதும் அந்தப்புறம் கறுப்பு அங்கி எட்டும், முன்னால் மாமாவும் தெரிந்தார்கள். கேட் திறந்தது. தோள் மாற்ற அவர்கள் முன்னால் வந்தார்கள். யாரும் ஒன்றும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவரும் நிற்கவில்லை. தாண்டிப் போனோம். கல்லறை வரைக்கும் அந்த எட்டுப் பேரும் பின்னால் நடந்து வந்தார்கள். மாமா பாதி வழியில் என் பக்கம் வந்து, "கொஞ்ச தூரம் குடுடா" என்றார். நான் கொடுக்கவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

தோள் கன்றிப்போயிருக்கிறது. அக்கா இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

சாயங்காலம் மாமா தனியாக வந்தார். அப்பாவின் கட்டிலில் உட்காரப் போனவர், உட்காராமல் பாயில் உட்கார்ந்தார்.  பிறகு அழுதார். இருபத்தாறு வருஷத்து ஜோடி, அழுகை பொய்யில்லை.

"நான் போட்ட ரூலுதான். இல்லேன்னு சொல்லலே. ஆனா ஐம்பத்தெட்டுப் பேரு அதுதான் சரின்னு வந்து நின்னாங்களே. அவங்களெ மீறி நான் என்னடா பண்ணுவேன்?"

 அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த ஐம்பத்தெட்டில் நான் ஒருவன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டார்.