நான்கு தடவை சொன்ன சொல்

டாக்டர் அவர்களுக்கு, அதாவது என் கணவருக்கு,

சாப்பாட்டு மேசையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. மொழிபெயர்த்ததில் என் தவறு என்று நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள். தவறு என்னுடையதல்ல.

ஆபரேஷனைப் பற்றி நீங்கள் வேகவேகமாகச் சொன்னதற்கு, உங்கள் நோயாளியான அந்தக் கொரியப் பெண் நான்கு தடவை "நே" என்றாள். "நாலு தடவை சரின்னு சொல்லிட்டாளே, உனக்கென்ன வந்தது?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினீர்கள். "நே" என்றால் கிரேக்க மொழியில் "ஆமாம்", செர்பிய மொழியில் "இல்லை", துருக்கிய மொழியில் "என்ன?" என்று பொருள். அவள் மொழியில் ஆமாம்தான்; ஆனால் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கும் அதுவே. அதனால்தான், நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லாமல் எந்தச் சம்மதப் படிவத்திலும் நான் மொழிபெயர்ப்பாளராகக் கையெழுத்திடுவதில்லை.

அவள் திருப்பிச் சொன்னது இவ்வளவுதான்: "சின்ன சோதனை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." கருப்பையை எடுக்கப்போகிறீர்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் படுக்கையை மறித்து நின்றேன். "அம்மா, இன்னைக்கு உங்க வீட்ல அடுப்பெரியுமா?" என்று நர்ஸ் காதோரம் கேட்டாள். எரியாவிட்டால் போகட்டும்.

இருபத்திரண்டு வருடமாக நீங்கள் சொன்னதற்கெல்லாம் நான் "ம்" என்றிருக்கிறேன். அதை என்னவென்று எடுத்துக்கொண்டீர்களோ, கேட்டதில்லை.

நாளை ஒன்பது மணிக்கு வார்டில் இருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால், அதையும் ஒரு சொல் குறையாமல் உங்களுக்கு மொழிபெயர்ப்பேன்.

இன்னமும்
உங்கள் மனைவி