முப்பத்தெட்டு வயதில் கிளிப்

ஆம்பூர்
9.6.2024, ஞாயிறு

பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் கர்த்தர் கிருபையால் நலம். அடிஸ் அபாபாவில் மழை ஆரம்பித்துவிட்டது என்றீர்களே, ஸ்வெட்டரைப் போடுகிறீர்களா, இல்லை பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களா?

இரண்டு வாரமாக நான் வீடியோவில் வராமல் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நான் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவார்களே, அதே இரும்புக் கம்பிதான்.

போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். கம்பி கட்டியதிலிருந்து 'ச' என்று சொன்னால் குக்கர் விசில் மாதிரி வருகிறது. சொந்தப் பெயரையே சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவீர்கள். உங்கள் கம்பெனி முஜாஹித் பாய் லீவு முடிந்து திரும்புகிறார். மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு வருஷமாகவே மேல் அண்ணத்தில் வலி, பல் தேய்த்தால் ரத்தம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தே காலம் தள்ளினேன். கடைசியில் ஏப்ரலில் டாக்டர் இரம் கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார்கள். "அக்கா, உங்க கீழ்ப்பல்லு அண்ணத்தைக் குத்துது. இப்படியே விட்டா முன்பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்றார்கள். துணைக்குப் பாப்பாவும் வந்திருந்தாள். அளவெடுக்கும் நேரத்தில் நர்ஸ் வந்து, கிளிப் போடுகிற பாப்பாவை உள்ளே அனுப்பச் சொன்னாள். நான் எழுந்து போனேன். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு உள்ளே வரை கேட்டது.

மூன்று விதம் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு உறை, கழற்றி மாட்டலாம். ஆனால் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், டீ குடிக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டும். ஷூ கம்பெனியில் என் டீக் கணக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, பல் நிறத்திலேயே பீங்கான். அதில் கட்டுகிற ரப்பர் நம் வீட்டுச் சாம்பாருக்கு ஒரு வாரத்தில் மஞ்சளாகிவிடும் என்று டாக்டரே சொன்னார்கள். மூன்றாவது இந்தக் கம்பி. என் பல் இருக்கிற நிலைக்கு இதுதான் நன்றாக வேலை செய்யுமாம். எல்லோருக்கும் தெரியுமே அக்கா, பரவாயில்லையா என்று கேட்டார்கள். என் பல்லு எப்போதுதான் தெரியாமல் இருந்தது என்றேன்.

மேலே இரண்டு பல் பிடுங்கினார்கள். முதல் வாரம் கஞ்சி. இரண்டாம் வாரம் குஸ்காவைக் கரண்டியால் நசுக்கித் தின்றேன். அதைப் பார்த்தால் ஆம்பூர்க்காரர்கள் என்னை ஊரை விட்டுத் தள்ளிவைப்பார்கள். கம்பி குத்துகிற இடத்தில் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் போட வேண்டும். பற்களில் கட்டிய ரப்பர் வளையம் பச்சை நிறம். பாப்பா தேர்ந்தெடுத்தது.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அன்புடன்,
சௌந்தர்யா


அடிஸ் அபாபா
30.6.2024

அன்புள்ள சௌந்தாவுக்கு,

கடிதமும் மிளகாய்த்தூளும் வந்தன. இரண்டுமே காரம்தான்.

வலி இருந்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை? தினமும் போனில் பேசுகிறோம். பாப்பாவின் டியூஷன், மோட்டார் ரிப்பேர், எல்லாம் சொல்கிறாய். அண்ணத்தில் ரத்தம் வருவதைச் சொல்ல ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

வைத்தியம் என்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் பாப்பா ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கே ஒரு வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் நீ கம்பி மாட்டிக்கொண்டு சர்ச்சில் முன்வரிசையில் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தெரியாத மாதிரி உறை இருக்கிறது என்றும் நீயே எழுதுகிறாய். அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிறதைப் போட்டிருக்கிறாய். நான் இந்தப் பல்லோடுதான் உன்னைக் கல்யாணம் பண்ணினேன். ஒரு நாளாவது குறை சொன்னேனா? பிறகு இதெல்லாம் யாருக்காக?

கோபமாக எழுதவில்லை. தோல் கட்டிங் பிரிவில் இந்த வாரம் ஒரே பேஜார், அந்த அலுப்பும் இதில் சேர்ந்திருக்கும். முறுக்கு, கடலை மிட்டாய் பக்கம் போகாதே. கம்பி அறுந்துவிடும் என்று இங்கே முஜாஹித் பாய் சொல்கிறார்.

ஜோசுவா


ஆம்பூர்
21.7.2024

பாப்பா அப்பாவுக்கு,

யாருக்காக என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு நாளாவது குறை சொன்னேனா என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் சொன்னீர்கள். அரக்கோணத்தில் உங்கள் தம்பி கல்யாணம், பதினொரு வருஷம் ஆகிறது. குடும்பப் போட்டோவுக்கு நின்றோம். யாரோ ஏதோ சொல்ல நான் சிரித்தேன். நீங்கள் என் பக்கம் குனிந்து, "வாய மூடிக்கோ சௌந்தா, பல்லு தெரியுது" என்றீர்கள். திட்டவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்யச் சொல்வது போலத்தான் சொன்னீர்கள். நானும் சரி என்று மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் திறக்கவில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். லைனில் கை நிறைய ஷூ இருக்கும்போது சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் நாட்றம்பள்ளியில் புது யூனிட் திறந்தபோது, புதிதாக வருகிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். மேனேஜர் ரஃபி அகமது சார் முதலில் என்னைத்தான் கேட்டார். மைக்கைப் பிடித்து இருநூறு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்றதும் நான்தான் முடியாது என்றேன்.

இப்போது கதையைக் கேளுங்கள். கம்பி கட்டிய மறுநாள் வேலைக்குப் போனேன். வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஓட்டினேன். அஃப்ஷா கண்டுபிடித்துவிட்டாள். "இன்னா சௌந்தர்யாக்கா, வாய்க்கு இரும்பு கேட்டு போட்டுட்டியா?" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவ்வளவுதான், டீ நேரத்தில் அறுபது பேரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். ஈ என்று காட்டு என்றாள் ஒருத்தி. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணினாள் இன்னொருத்தி. ராத்திரி அதைக் கழற்றி டம்ளரில் போட்டு வைப்பாயா என்று கேட்டார்கள். நானும் ஒவ்வொருத்திக்கும் காட்டினேன். பிறந்ததிலிருந்து நான் காட்டாத பல்லையெல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் காட்டி முடித்துவிட்டேன். சங்கு ஊதி மெஷினுக்குத் திரும்பியபோதுதான், என் கை ஒரு தடவைகூட வாய்க்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

போன வாரம் நானே ரஃபி சார் அறைக்குப் போய், அந்த வேலைக்கு இன்னும் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். விசிலோடுதான் கேட்டேன். ஆகஸ்ட் முதல் நாட்றம்பள்ளி.

யாருக்காக என்பதற்கு ஒரு வரியில் பதில் வருமா என்று பார்த்தேன். வரவில்லை, அதனால் இவ்வளவும் எழுதினேன். அந்தப் போட்டோ உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

சௌந்தர்யா


அடிஸ் அபாபா
6.10.2024

அன்புள்ள சௌந்தாவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனில் நீயும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. மழை விட்டதா, சாப்பிட்டாயா என்று பேசியே நாளைக் கடத்தினோம்.

ஞாபகம் இல்லை என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். ஞாபகம் இருக்கிறது. அன்று காலை என் அக்கா உன் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது. அவளிடம் வாயை மூடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. என்னை மன்னித்துவிடு.

போனில் இருக்கிற நம் படங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். நீ சொன்னது சரிதான். பாப்பா ஞானஸ்நானப் படம் ஒன்றில்தான் நீ வாய் திறந்து சிரிக்கிறாய். அது என் தம்பி கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அந்தப் படத்தில் இருக்கிறவளை நான் இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், அதனால்தான் இத்தனை தாமதம். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, கிறிஸ்துமஸுக்கு மொத்தமாக வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். மே மாதமே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். இதே வரியை உன் முதல் கடிதத்தில் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அப்படியும் உன்மேல்தான் கோபப்பட்டு எழுதினேன்.

நவம்பர் பதினைந்துக்குள் சொன்னால் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். என்ன செய்யட்டும், நீ சொல்.

ஜோசுவா


ஆம்பூர்
27.10.2024

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாட்றம்பள்ளி பஸ்ஸில் படித்தேன். வாணியம்பாடி வரை அழுதேன், அதற்குப் பிறகு கோபம் வந்தது. பக்கத்து சீட்டு அம்மா கம்பி ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மன்னிப்பில் பாதியை எடுத்துக்கொண்டேன். அக்கா சொன்னாள் என்கிற பாதி எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்புகிறேன். சுலபமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாதி உண்மை. அதை வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்த விஷயத்தில், என்ன செய்யட்டும் நீ சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். நான் வா என்று சொல்லி நீங்கள் வந்தால், நாளைக்கு இங்கே ஒரு கஷ்டம் வரும்போது நீதானே கூப்பிட்டாய் என்பீர்கள். இரு என்று சொன்னால் அதற்கும் நான்தான் காரணமாவேன். கையெழுத்து உங்களுடையது.

தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக இங்கத்து நிலவரத்தை எழுதுகிறேன். காலை ஆறரைக்கு நான் பஸ் ஏறிவிடுவேன், திரும்ப ஏழு ஆகும். இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் மைக்கில் பேசும்போதே ஒரு கிளிப் பல்லைவிட்டுக் கழன்று கம்பியில் தொங்கியது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே மீதியைப் பேசி முடித்தேன். கையெல்லாம் தட்டினார்கள். சமையல் பாதி நாள் பாப்பாதான். அவளுக்கு உப்புப் போடுவதில் கம்மி ஜாஸ்தி தெரியாது. நீங்கள் விட்டுப்போன வீடு மாதிரி இருக்காது. நான் கொஞ்சம் சத்தமாகவும் பேசுகிறேனாம், பாப்பா சொல்கிறாள்.

வீடியோவில் வரலாம் என்று நினைத்தேன். இன்னும் மனசு வரவில்லை. அதற்குக் காரணம் கம்பி இல்லை.

சௌந்தர்யா


அடிஸ் அபாபா
10.11.2024

அன்புள்ள சௌந்தாவுக்கு,

முந்தாநாள் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். நீ கூப்பிட்டதால் இல்லை. நீ கூப்பிடவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே கட்டிங் கற்றுக்கொடுத்து முடித்துவிட்டேன், என் ஆட்கள் என்னைவிட நன்றாக வெட்டுகிறார்கள். ஆம்பூரில் வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் உப்புப் போடக் கற்றுக்கொள்கிறேன்.

இங்கிருந்து கிளம்புவது என் முடிவு. ஆனால் அந்த வீட்டில் நீ இருக்கிறாய், அதனால் இதைக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்கிற பழக்கத்தை நாம் இருவருமே விட்டுவிடலாம்.

நான் வரட்டுமா?

ஜோசுவா


ஆம்பூர்
19.12.2024, வியாழன் காலை

பாப்பா அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் சாவியோடு பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா அக்காவிடம் இருக்கும். சென்னையில் இறங்கியதும் நீங்கள் போன் பண்ணினபோது, ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்றீர்கள். நான் பதில் சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். இன்று என் முதல் பேட்ச் பெண்களுக்குத் தேர்வு. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வருகிறார், நான்தான் கூட நடந்து யூனிட்டைக் காட்ட வேண்டும். லீவு கேட்டிருந்தால் ரஃபி சார் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

பெட்டியை உள் அறையில் வையுங்கள். வீட்டில் கடித்துத் தின்கிற மாதிரி ஒன்றும் கிடையாது, எல்லாம் என் வாய்க்கு ஏற்றபடி மெதுவாகத்தான் இருக்கும். குக்கரில் சாம்பார் சாதம். அது நான் செய்தது, தைரியமாகச் சாப்பிடலாம். பாப்பா நாலரைக்கு வருவாள். அவள் உங்களைவிட உயரமாகிவிட்டாள், பயப்படாதீர்கள்.

நான் ஏழு மணிக்கு வருவேன். பஸ் ஸ்டாப்புக்கு வருகிறதானால் வாருங்கள், இது கேள்விதான். நேற்றுத்தான் டாக்டர் இரம் கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். தாடை முழுக்க வலி. இன்றைக்கு மட்டும் என்னைச் சிரிக்க வைக்காதீர்கள். எப்படியும் வைப்பீர்கள், நான் சிரிக்கத்தான் போகிறேன்.

சௌந்தர்யா