ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

என் மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. என்னுடையது இல்லை. காலையிலிருந்து அதன் வாசனை இந்தச் சின்ன அறையை விட்டுப் போகவில்லை. நனைந்த ரப்பர், ஈரக் காலுறை, அட்டை ஏறாமலிருக்கத் தடவிய மூக்குப்பொடி. உனக்கு இதை விளக்கவே வேண்டாம். தேவாலா மழையில் வளர்ந்தவர்களுக்கு அது வீட்டு வாசனைதான்.

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கூடலூர் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. நீ போய் நான்கு மழைக்காலம் ஆயிற்று. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நாம் எஸ்டேட்டில் ஒரே லைன் வீட்டு வரிசையில், ஐந்து வீடு தள்ளிப் பிறந்தவர்கள். உனக்கு வாய், எனக்குக் கண் என்று உன் அம்மா சொல்வார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பேர் வந்தால் எனக்குச் சத்தமே வராது. டீச்சர் இரண்டாம் முறை கூப்பிடுவதற்குள் நீ எழுந்துவிடுவாய். "வந்திருக்கா டீச்சர். சத்தம் மட்டும்தான் இன்னும் வரல." வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பன்னிரண்டாம் வகுப்புவரை எனக்காக நீதான் பேசினாய். அதற்குப் பிறகு உனக்குக் கல்யாணம் ஆயிற்று. கீழ் லைனுக்குப் போனாய், தேயிலைக் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தாய். நான் கூடலூரில் பி.காம். சேர்ந்தேன். அன்றிலிருந்து என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏய் டிகிரி, எங்க லைனுக்கே நீ ஒருத்திதான். கீழ விழுந்து கிழுந்து வெச்சுராத."

நீ மாசமாக இருந்தபோது நான் கடைசி வருடப் பரீட்சைக்கு வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்திலேயே உன்னைக் கொழுந்து மலையிலிருந்து நர்சரிக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்தபடி பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் லைட் வேலை. ஆனால் அங்கேயும் அட்டை. பூட்ஸ் இல்லாமல் முடியாது. ஒரு நாள் வேலை முடிந்து எங்கள் வாசலில் வந்து நின்றாய்.

"உங்கப்பா பூட்ஸ் சும்மாதானடி கெடக்கு? குடு."

"எதுக்கு?"

"என்னோடது நுழைய மாட்டேங்குது. மழையில ஊறி ரப்பர் சுருங்கிப் போச்சு போல."

ரப்பர் சுருங்காது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் கால் ஐந்தாம் நம்பர். எங்கள் அப்பாவுடையது ஒன்பது. வேலையிலிருந்து நின்றபின் அவர் அதைப் போடுவதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். நீ திண்டில் உட்கார்ந்து காலை விட்டாய். அவ்வளவு பெரிய பூட்ஸுக்குள் உன் கால் ஆடாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து, "யானை மாதிரி நடக்கறேன் பாரு" என்று இரண்டு எட்டு வைத்துக் காட்டினாய்.

அந்த வாரமே புதன்கிழமை பிள்ளைக் காம்பராவில் பரிசோதனை. எஸ்டேட் குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் அந்த அறைக்குத்தான் மாதம் ஒருமுறை நர்சம்மா வருவார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லோரையும் கண்ணு, கண்ணு என்பார். நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "படிச்சவ கூட இருந்தா கொஞ்சம் மரியாதை" என்றாய். வேலைக்கு நடுவில் வந்த பெண்கள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்குத் தாளைக்கூட அவிழ்க்காமல் வரிசையில் நின்றார்கள். தரையெல்லாம் சேறு. பூட்ஸை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் ஈரக் காலுறையை உரிக்க வேண்டும், நாற்றம் அடிக்கும், மறுபடி மாட்டுவது பெரும்பாடு. கழற்றச் சொல்வதும் வழக்கமில்லை.

உனக்குப் பிரஷர் பார்த்த நர்சம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"கொஞ்சம் கூட இருக்குது கண்ணு. மேடேறி வந்தியா?"

"ஆமாங்க மேடம். ஓட்டமா வந்தேன்."

"உக்காரு. மறுபடி பாக்கலாம். தலைவலி உண்டா?"

"இல்லீங்க."

"கால் வீங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வளைகாப்பு. போன மாதம் பக்கத்து எஸ்டேட் பெண் ஒருத்தியைக் கால் வீக்கம் என்று சொல்லி அப்படியே ஜீப்பில் ஏற்றி ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பிள்ளை பிறந்துதான் வீடு திரும்பினாள். அவளுக்கு வளைகாப்பே நடக்கவில்லை. கல்யாணமும் அவசரத்தில் நடந்தவள் நீ. உனக்கென்று ஊரே கூடி உட்காரப்போகும் ஒரே நாள் அது. இரண்டு மாதமாக அந்தப் பச்சைப் புடவையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் முறையும் பிரஷர் கூடவே இருந்தது. "நாளைக்கே சென்டருக்கு வந்து யூரின் டெஸ்ட் குடுத்தரோணும். மறந்தராதே. வேற ஏதாச்சும் தொந்தரவு இருந்தா இப்பவே சொல்லு, கையோட கூட்டிட்டுப் போயர்றேன்" என்றார் நர்சம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணாட்டம் தெரியுது. கூட இருக்கறவதானே? நீ ஏதாச்சும் கவனிச்சியா?"

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் கவனித்திருந்தேன். அப்பாவின் ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. "பூட்ஸைக் கழற்றச் சொல்லுங்க" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். வரிசையில் பதினைந்து பெண்கள் என்னையே பார்த்தார்கள். நீ பார்த்தாய்.  இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து ஆட்டினாய். "டிகிரி, நீ வாயத் தெறக்காதது இன்னிக்குத்தான்டி உருப்படியா உதவுச்சு."

மறுநாள் நீ போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. திங்கட்கிழமை போகலாம் என்றாய். நானும் சரி என்றேன்.

வளைகாப்பன்று உன் கையில் வளையல் ஏறவில்லை. உனக்கென்று அளவு பார்த்து வாங்கியது விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. பெரிய அளவில் ஒரு டஜன் கொண்டுவந்தார்கள். அதுவும் நின்றது. அறை முழுக்கச் சிரிப்பு.

"சோப்புத் தண்ணி கொண்டாங்கடி!"

"எட்டு மாசமாச் சோறு நல்லா எறங்கியிருக்கு மகாராணிக்கு."

"உங்க ஊட்டுச் சோறுங்களா அத்தே? எங்க ஊட்டு அரிசில பூரிச்ச கையி இது" என்றாய் நீ.

உன் மாமியார் இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். பெருமையோடு உன் விரல்களை நீவிவிட்டார். "பிள்ளைத்தாச்சி ஒடம்புன்னா பூரிக்கத்தானே செய்யும். எனக்கும் இப்படித்தான். நீர் எறங்குனா சொகப் பிரசவம்." யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அதைப் பூரிப்பு என்றுதான் நம்பினார்கள். அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் அதற்கு மேல் தெரியும். நமக்கு மட்டும்.

சோப்பு நுரையோடு வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறின. இரண்டு உடைந்தன. நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். பெண்கள் சாப்பிட எழுந்தபோது என் காதோரம் சொன்னாய். "தலை விண்ணு விண்ணுங்குதுடி. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது. சந்தனக் குளுமையா இருக்கும், இல்ல?"

"நாளைக்குக் கட்டாயம் போறோம்" என்றேன்.

"போவோம் போவோம். மொதல்ல என்னை நல்லாப் பாத்துக்க. இந்தப் பொடவையில எப்படி இருக்கேன்?"

அழகாக இருந்தாய். முகம் கொஞ்சம் உப்பி, கன்னத்தில் சந்தனம் காய்ந்து, மிகவும் அழகாக இருந்தாய்.

திங்கட்கிழமை காலை குழாயடியில் குடம் வைத்திருந்தேன். கீழ் லைனிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். உனக்கு வலிப்பு வந்திருந்தது. யாரோ உன் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். வளையல்கள் தரையில் அடித்து நொறுங்கின. எஸ்டேட் ஜீப்பில் கூடலூர் போனோம். அங்கே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஊட்டிக்கு அனுப்பினார்கள். அத்தனை வளைவுகளிலும் உன் தலை என் மடியில் இருந்தது. பைக்காரா தாண்டியபோது பனிமூட்டம் இறங்கி வண்டி ஊர்ந்தது. அப்போது உன்னிடம் பேசினேன். சத்தமாகவே பேசினேன். ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார். உனக்குக் கேட்டதா என்று தெரியாது.

குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். பெண். நீ கண் விழிக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் உன் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அப்பாவின் பூட்ஸ். கழுவி, அடுப்படியில் காயவைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்திருந்தார்.

"இது ஒங்கப்பாவோடதுன்னு அவ சொல்லியிருந்தா." கொடுத்துவிட்டும் போகவில்லை. வாசலிலேயே நின்றார். "ஏம் புள்ள, அவளுக்குச் சின்னக் காலாச்சே. இவ்ளோ பெருசு அவளுக்கு எதுக்கு?"

கேட்டது வெள்ளை மனதோடுதான். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

பரீட்சையில் தேறினேன். இரண்டு வருடம் கழித்து இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தாய்மார்களின் விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதே நர்சம்மாதான் இங்கே. ஒருநாள் பழைய அட்டைகளை அடுக்கும்போது உன்னுடையதைப் பார்த்தேன். அவர் கையெழுத்தில், 'கால் வீக்கம்: இல்லை'. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "அன்னிக்கு பூட்ஸைக் கழட்டச் சொல்லியிருக்கோணும் நானு" என்றார். அவரும் இத்தனை நாள் அதையே சுமந்திருக்கிறார். என் பங்கை அப்போது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்தது. காலையில் வந்ததும் வாசலில் கழற்றி விட்டிருக்கும் பூட்ஸ்களைப் பார்ப்பேன். எது யாருடையது, என்ன நம்பர் என்று பார்க்காமல் உள்ளே வருவதில்லை.

இன்று காலை ஒரு பெண் வந்தாள். எட்டாம் மாதம், உன்னைப்போலவே முதல் பிள்ளை. ஒடிசலான பெண். ஆம்பிளை பூட்ஸைக் கழற்ற அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டு ஜோடிக் கனத்த காலுறை. புடவையைத் தரைவரை இறக்கி விட்டுக்கொண்டாள். உள்ளே நல்ல கூட்டம். பிரஷர் கொஞ்சம் கூட என்றார் நர்சம்மா. தலைவலி இல்லீங்க, கால் வீக்கம் இல்லீங்க, போன தடவையே யூரின் குடுத்தாச்சுங்க, பஸ் போயிருமுங்க. அவள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். என் விரல் 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் இருந்தது.

"சிஸ்டர், அவங்களைக் காலுறையைக் கழட்டச் சொல்லுங்க."

 என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நர்சம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து அவரே கழற்றினார். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

யூரின் டெஸ்ட்டும் சரியில்லை. ஆம்புலன்ஸ் வரச் சொன்னார்கள். அந்தப் பெண் அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"வியாழக்கெழமை எங்க அண்ணன் கல்யாணம். நாத்தி முடிச்சு நாந்தான் போடணும். ஒனக்கு என்னடி போச்சு? நீ யாரு எங் காலைப் பாக்க? நல்லா இருப்பியா நீ?"

கூட வந்த அவள் மாமியாரும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன்.  ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேண்டியிருந்தது. இவையெல்லாம் அன்று பிள்ளைக் காம்பரா வாசலில் நீ என்னைத் திட்டியிருக்க வேண்டியவை. பச்சைப் புடவை பெட்டியிலேயே கிடக்க, ஊட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கலாம் நீ. உன் பெண்ணுக்கு என் வீட்டைக் காட்டி, "அந்த டிகிரியோட சேராத" என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தை நான் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. நீ கடைசியாக எனக்குத் தந்தது நன்றி. நான் சுமந்துகொண்டிருப்பது அதைத்தான்.

ஆம்புலன்ஸ் போனபின் நர்சம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் எல்லாம் சொன்னேன். அப்பாவின் பூட்ஸ், கண்ணடிப்பு, நான் தலையாட்டியது. அவர் என் முதுகில் கை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவில்லை. சாயங்காலம் கூடலூரிலிருந்து போன் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள், மருந்து போகிறது, பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவுதான் தெரியும்.

அவள் அவசரத்தில் வெறுங்காலோடு வண்டி ஏறிவிட்டாள். இந்தப் பூட்ஸ் அவளுடையது. எட்டாம் நம்பர். வாசலில் விட்டால் மழையில் நனையும் என்று எடுத்து உள்ளே வைத்தேன். பஸ் வரும் சத்தம் கேட்கிறது. செய்தித்தாள் எதுவும் திணிக்கப்போவதில்லை. கழுவப்போவதும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கப்போவதும் இல்லை. சேறும் மூக்குப்பொடியுமாக அது இங்கேயே இருக்கட்டும். அவளே வரட்டும். இடுப்பில் பிள்ளையோடு இந்த வாசலில் நின்று இன்னொரு தடவை என்னை நன்றாகத் திட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகட்டும்.