நிறுத்திய மாத்திரை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பா சுகம், முழங்கால் வலி வழக்கம்போல, புலம்பலும் வழக்கம்போல. அக்கா மகனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, கண்டதையெல்லாம் கடிக்கிறான். நான்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பதறாதே, முழுக்கப் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

தீவன ஆலையில் என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். மூட்டையில் குத்தூசியைக் குத்தி ஒரு கை மக்காச்சோளம் எடுத்து, கைக்குள் பொத்தி, வாயால் ஊதிச் சூடாக்கி, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். ஈரப்பத மெஷின் நல்லது என்று சொன்ன லோடைக்கூட என் மூக்கு திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தத் திமிரில் முகக்கவசம் போட்டதே இல்லை. போட்டால் வாசனை தெரியாதென்று சூப்பர்வைசரிடம் சண்டை வேறு. பத்தொன்பது வருஷமாகப் பூஞ்சையை முகர்ந்து முகர்ந்து நுரையீரலில் குடிவைத்துவிட்டேன்.

நாலு மாதத்துக்கு முன் மூச்சிரைப்பு என்று போனபோது நெஞ்சு டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். பூஞ்சையின் மேல்தோலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம், நம் வெள்ளையணுக்கள் அதைத் தொட்டதுமே எதிரி என்று கண்டுகொண்டு மற்ற அணுக்களையும் கூப்பிட்டுவிடுமாம். "வர்ற கூட்டம் பூஞ்சையை மட்டும் அடிக்காதும்மா, உங்க நுரையீரலையும் சேர்த்துப் புண்ணாக்கிடும், அந்த வீக்கத்தாலதான் உங்களுக்கு மூச்சு முட்டுது" என்றார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இரண்டு மாத்திரை எழுதினார், ஒன்று அந்தக் கூட்டத்தை அடக்க, இன்னொன்று பூஞ்சையைக் கொல்ல. "ஒன்னை விட்டுட்டு ஒன்னைப் போடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அடக்குகிற மாத்திரையில் மூன்றே நாளில் மூச்சு லேசானது, பசியெடுத்தது. பூஞ்சை மாத்திரையோ குமட்டலாக வந்தது. சுகம் தருவதுதான் மருந்து என்று முடிவுகட்டி மற்றதை நிறுத்திவிட்டேன். நீ வாராவாரம் கேட்டபோதெல்லாம் இரண்டும் போடுகிறேன் என்று பொய் சொன்னேன். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, மன்னித்துவிடு. காவலுக்கு நின்றவர்களைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்டிருக்கிறேன், பூஞ்சை நிம்மதியாக வளர்ந்துவிட்டது. போன வாரம் இருமியபோது ரத்தம் வந்தது.

வியாழக்கிழமை காலை வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்கப்போகிறார்கள். பிழைப்பவர்கள்தான் அதிகம் என்கிறார் டாக்டரம்மா, எல்லோரும் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, எதற்காகவும் பட்டினி கிடக்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. வியாழக்கிழமை மட்டும் போனைக் கையிலேயே வைத்திரு. எனக்கு நினைவு இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிய பாரத்தில் கேட்டிருந்தார்கள், உன் பெயரைத்தான் எழுதினேன். வைத்தியம் போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தால் அப்பாவால் முடியாது, அக்காவாலும் முடியாது. நீ எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதுதான். அதற்காக ஒரு நாளும் உன்னை நீ நொந்துகொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா